செயலாளர் ஆண்டறிக்கை: மணப்பாறை முறுக்கு உற்பத்தியாளர்கள்

தலைவர் அவர்களுக்கும், மூத்தவர்களுக்கும், அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது எண்ணெயைப் பற்றித்தான். நம் முறுக்கு இரண்டு முறை வேகிறது. அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மறுபடியும் போட்டுப் பொரிக்கிறோம். அந்த மொறுமொறுப்பு அதனால் வருவதுதான். ஆனால் எண்ணெய்க்கும் இரட்டை வேலை. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அது கெட்டு உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலேயே வந்துவிட்டது. நாமோ நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தோம்.

ஆனி மாதம் அந்தச் சேர்மங்களை அளக்கும் கருவி வாங்கினோம். யார் சட்டியில் முதலில் வைப்பது என்று எல்லோரும் தயங்க, தலைவர் தம் பட்டறைக்கே கூட்டிப்போனார். முறுக்கு விழுந்ததும் நுரை பொங்கி விளிம்பு வரை ஏறியது, அடங்கவே இல்லை. கருவி 27 காட்டியது. சட்டியருகே நின்ற அக்கா சொன்னார்: "நுரை இப்படி நின்னாலே எண்ணெய் போச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி. என்னை யாரும் கேக்கல." தலைவர் அங்கேயே அடுப்பை அணைத்தார். அப்புறம்தான் மற்றவர்களும் எங்களைத் தங்கள் பட்டறைக்குள் விட்டார்கள். அன்றைக்கு அவர் தயங்கியிருந்தால் கருவி இன்னும் பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

அந்த அக்காவே மூன்று பட்டறைகளுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் மாவுத்தூளை அரித்தெடுக்கிறோம்; அடியில் தங்கிக் கருகும் தூள் எண்ணெயைச் சீக்கிரம் கெடுத்துவிடுகிறது. பழைய எண்ணெயில் புதிதை ஊற்றிச் சமாளிப்பதும் குறைந்திருக்கிறது. கழித்த எண்ணெய் பயோடீசலுக்கு வாங்குபவர்களிடம் போகிறது.

கேழ்வரகு முறுக்கு இன்னும் சரிவரவில்லை. மாவே கருமையாக இருப்பதால் இரண்டாம் பொரிப்பில் பதம் கண்ணுக்குத் தெரிவதில்லை, இரண்டு முறை கருகிவிட்டது. முயற்சியை விடப்போவதில்லை.

2023-இல் நம் முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் போட அவரவர் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பலர் இன்னும் செய்யவில்லை, அது எனக்கு வருத்தம்தான். வியாழன் மாலைகளில் அலுவலகத்தில் இருப்பேன். ஆதாரும் உரிமச் சான்றும் கொண்டுவாருங்கள், படிவத்தைச் சேர்ந்தே நிரப்பலாம். கருவியும் அங்கேதான் இருக்கிறது, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகலாம்.

நன்றி.
செயலாளர்