அம்மாவின் மருந்து யாருடைய போனில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் வடமேற்கு லண்டனில் ஒரு பார்மசியின் கவுண்டரில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்களில் நிறையப்பேர் தமிழர்கள், அதிலும் வயதானவர்கள். மாதாமாதம் எடுக்கவேண்டிய மருந்து கிடைக்காமல் அவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

"பிள்ளை, என்ரை குளிசை வந்திட்டுதோ?" என்று கேட்டபடி ஒரு ஐயா வருவார். கணினியில் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. "சேர்ஜரிக்கு ஓடர் குடுத்தனீங்களோ ஐயா?" என்று கேட்டால் (சேர்ஜரி என்பது குடும்ப டொக்டரின் மருத்துவ நிலையம்), "மகன்தான் போனிலை செய்யிறவன்" என்பார். மகனுக்குப் போன் எடுத்தால் அவர் வேலையில் நிற்பார், பதில் வராது. ஐயாவின் கடைசிக் குளிசை அன்று காலையோடு முடிந்திருக்கும். ஆள் மாறும், கதை இதுதான்.

மருந்து தானாக வரும் என்று எங்கள் ஆட்கள் பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் அவர்களுடைய பிழை எதுவும் இல்லை. முன்பு பல பார்மசிகள் நோயாளிக்காகத் தாங்களே சேர்ஜரிக்கு ஓடர் அனுப்பி வந்தன. பிறகு பல இடங்களில் அது நிறுத்தப்பட்டது. இப்போது நோயாளியோ, அவர் சார்பில் வீட்டுக்காரரோதான் கேட்கவேண்டும். கேட்டபின் டொக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வழமையாக இரண்டு வேலை நாட்கள். மின்சீட்டு, அதாவது கணினி வழியாக வரும் மருந்துச்சீட்டு, எங்களுக்கு வந்து, நாங்கள் மருந்தை எடுத்து, சரிபார்த்து, பையில் போட இன்னும் ஒன்றிரண்டு நாட்கள். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. வெள்ளி பின்னேரம் கேட்டுவிட்டுத் திங்கள் காலை வந்து நின்றால் இருக்காது. ஈஸ்டர், கிறிஸ்மஸ் என்றால் இன்னும் இழுக்கும். அதனால் ஒரு கிழமைக் குளிசை கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

என்.எச்.எஸ் (அரச சுகாதார சேவை) செயலியில் போனிலேயே மருந்து கேட்கலாம். அது நல்லதுதான், நானும் பாவிக்கிறேன். ஆனால் அம்மாவின் கணக்கைத் தன் போனில் திறந்துவைத்துவிட்டு, அம்மாவுக்கு வேறு எந்த வழியும் சொல்லிக்கொடுக்காமல் விடுவது ஆபத்து. மகள் பிள்ளைகளோடு விடுமுறைக்குப் போகும் இரண்டு கிழமையில் அம்மாவின் பிரஷர் குளிசை முடிந்தால் என்ன செய்வது? பைசோப்ரொலோல் போன்ற இதய மருந்தையும், வலிப்புக்கு எடுக்கும் மருந்தையும், நெடுநாள் எடுத்த ஸ்டீரொய்டையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் நாலு குளிசை கடன் வாங்குகிற பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. பிரஷருக்கு எடுக்கும் அம்லோடிப்பின் 5 மில்லிகிராமிலும் உண்டு, 10 மில்லிகிராமிலும் உண்டு. அந்த அக்காவினுடையது எது என்று யார் பார்க்கிறார்கள்?

போன் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மருந்துப் பையோடு வரும் சீட்டின் வலப்பக்கத்தில் உங்கள் மருந்துகளின் பெயர்களும் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளும் இருக்கும். தேவையானதற்கு எதிரே சரி போட்டுச் சேர்ஜரியில் கொடுக்கலாம். வாசலிலோ வரவேற்பு மேசையிலோ அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலான சேர்ஜரிகள் இதை இன்றும் ஏற்கின்றன. பையில் சீட்டைக் காணவில்லையென்றால் எங்களிடம் கேளுங்கள். ஆங்கிலம் கதைக்கத் தயக்கமாக இருந்தால் சேர்ஜரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். அதற்குக் காசு இல்லை. பிள்ளைகள் பெற்றோருக்காக முறைப்படி ஓடர் செய்யவும் அனுமதி உண்டு. பெற்றோரின் சம்மதத்தோடு சேர்ஜரியில் ஒரு படிவம் நிரப்பினால் போதும், அம்மாவின் பாஸ்வேர்ட்டை வைத்துக்கொண்டு திரியத் தேவையில்லை.

ஆனால் சரி போடும்போது கவனம். எல்லாப் பெட்டிக்கும் சரி போட்டுக் கொடுப்பவர்கள் மிக அதிகம். "இந்தமுறை கேட்காமல் விட்டால் டொக்டர் வெட்டிப்போடுவார்" என்ற பயம். ஒரு மாதம் கேட்காமல் விட்டதற்காக யாரும் உங்கள் மருந்தை வெட்டப்போவதில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு மகள், தகப்பன் காலமான பிறகு அவருடைய அலமாரியில் இருந்தவற்றை இரண்டு பெரிய பைகளில் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். பரசிற்றமோல், மலமிளக்கிப் போத்தல்கள், நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின். ஒட்டிய லேபல்கூடக் கசங்காத பெட்டிகள், மாதவாரியாக ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தன. "இதை ஆருக்காவது குடுங்கோ அக்கா" என்று கேட்டார். பார்மசியை விட்டு ஒருமுறை வெளியே போன மருந்தை, திறக்காவிட்டாலும், இன்னொருவருக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதியில்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்கவே ஒவ்வொன்றாக நீல மூடித் தொட்டிக்குள் போட்டேன். எல்லாம் எரிக்கப்படும். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீடு மாறியவர்களுக்கு ஒரு விடயம். நீங்கள் முன்பு தெரிவுசெய்த பார்மசிக்குத்தான் மின்சீட்டு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமிலிருந்து இங்கே ஹரோவுக்கு வந்தவரின் மருந்து ஈஸ்ட்ஹாமில் கிடக்கும், அவர் இங்கே எங்களோடு கோபிப்பார். வீடு மாறிய உடனேயே புதுப் பார்மசியில் சொல்லி மாற்றிவிடுங்கள்.

காசு பற்றியும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2024 மே மாதத்திலிருந்து ஒரு மருந்துக்கு 9.90 பவுண். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாற்பது, ஐம்பது வயதில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கும், தைரொய்ட் குறைவுக்குத் தைரொக்சின் எடுப்பவர்களுக்கும் இலவசச் சான்றிதழ் உண்டு என்பது எங்கள் சமூகத்தில் பலருக்குத் தெரியாது. நீரிழிவு மருந்துக்கு மட்டும் என்றில்லை, என்.எச்.எஸ் மருந்துச்சீட்டில் எழுதப்படும் எல்லா மருந்துக்கும் அது செல்லும். சேர்ஜரியில் எஃப்பி92ஏ என்ற படிவத்தைக் கேளுங்கள். சான்றிதழ் தானாக வராது. ஐந்து வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க மறந்துவிட்டு இலவசம் என்று குறித்தால் தண்டம் வரும். இரவுபகலாகக் கடைகளில் உழைக்கிற தம்பிமார் மாதம் நாலு மருந்துக்கு 39.60 பவுண் எண்ணி வைத்துவிட்டுப் போகும்போது, முதலில் இந்த இலவசச் சான்றிதழைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்தச் சான்றிதழுக்கு உட்படாதவர்களுக்கு முற்கட்டணச் சான்றிதழ் இருக்கிறது, முன்கூட்டியே ஒரு தொகை கட்டினால் ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கட்டத் தேவையில்லை: வருடத்துக்கு 114.50 பவுண், பத்துத் தவணையாகவும் கட்டலாம்.

எப்படியோ மருந்து முடிந்துவிட்டது, சேர்ஜரியும் பூட்டு என்றால் என்.எச்.எஸ் உதவி எண்ணான 111க்கு அழையுங்கள், அல்லது பழைய மருந்துப் பெட்டியோடு பார்மசிக்கு வாருங்கள். டொக்டர் முன்பு எழுதிய மருந்தாக இருந்தால், பார்மசிஸ்ட் சரியென்று கண்டால் அவசரத்துக்குச் சில நாட்களுக்குத் தரலாம். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும் வந்து கேளுங்கள், வீட்டில் இருந்து பயப்படவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தில் ஒவ்வொரு சேர்ஜரியிலும் நோயாளர் பங்கேற்புக் குழு ஒன்று, அதாவது நோயாளிகள் சேர்ஜரிக்குத் தங்கள் கருத்தைச் சொல்லும் குழு, இருக்கவேண்டும். அங்கே பதிவான எந்த நோயாளியும் அதில் சேரலாம். எங்கள் ஆட்கள் அங்கே மிகக் குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கணக்காளர்கள் என்று நேரமும் ஆங்கிலமும் உள்ளவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறீர்கள். தயவுசெய்து சேருங்கள். எல்லாவற்றையும் செயலிக்கு மாற்றப் போகிறோம் என்ற பேச்சு வரும்போது, அந்தக் காகிதச் சீட்டையும் அதைப் போடும் பெட்டியையும் இல்லாமல் செய்யவேண்டாம் என்று அங்கே எழுந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பார்மசிப் பணியாளரான ஒரு வாசகி,
ஹரோ