இலங்கைத் தீவைச் சைக்கிளில் சுற்றிவர எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்த மடலை யார் யார் பெயருக்கு எழுதுவது என்று நாங்கள் ஐந்து பேரும் கூடிக் கதைத்தோம். உங்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் "என்ர பேரைப் போடாதேங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே ஊரையும் நீங்கள் செய்ததையும் மட்டும் எழுதுகிறேன். படித்தால் உங்களைத்தான் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும்.

பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில் வெளிக்கிட்டு, கிழக்குக் கரையால் இறங்கி, தெற்கைச் சுற்றி, மேற்குப் பக்கத்தால் ஏறித் திரும்பவும் பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்தோம். 1,300 கிலோமீற்றருக்கு மேல். 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்க மனமில்லாமல் பழைய சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்த நாட்களில் பிறந்த ஆசை இது. பெற்றோல் திரும்ப வந்தபிறகும் எங்களை விட்டுப் போகவில்லை.

முதல் நன்றி பருத்தித்துறைக் கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயாவுக்கு. எந்த மாதம் போவது, எந்தப் பக்கம் முதலில் போவது என்று எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒரே பேச்சில் முடித்துவைத்தார். "மாசியில போங்கோ. மாரி மழை விட்டிருக்கும், வாடை இன்னும் கிடக்கும். கிழக்கால இறங்கினா முதுகில தள்ளும். சோளகம் எழும்ப முன்னம் தெற்கைச் சுத்திப் போடலாம்." வாடை வடகிழக்கிலிருந்தும் சோளகம் தென்மேற்கிலிருந்தும் அடிக்கிற காற்று. அப்படியே செய்தோம். முல்லைத்தீவிலிருந்து பொத்துவில் வரைக்கும் காற்று எங்களோடுதான் வந்தது. திரும்பி வடக்கே ஏறும்போது அதே வாடை முகத்தில் அடிக்கும் என்பதையும் அவர் அப்போதே சொல்லியிருந்தார். அதுவும் பலித்தது.

ஆனையிறவு, பரந்தன், புதுக்குடியிருப்பு என்று போய், போரின் கடைசி நாட்களில் சனம் கடந்து வந்த வட்டுவாகல் பாலத்தை இறங்கி உருட்டிக்கொண்டு கடந்தோம். அந்த இடத்தில் மிதித்துக்கொண்டு போக எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அன்று முல்லைத்தீவில் எங்களுக்கு இடியப்பமும் சொதியும் தந்து, பெண்பிள்ளைகள் இருவருக்கும் தன் அறையையே ஒதுக்கித் தந்த அக்காவுக்கு நன்றி. பெண்களோடு இப்படி ஒரு பயணம் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: சாப்பாட்டைவிட, தண்ணீரைவிட, பயமில்லாமல் போகக்கூடிய ஒரு மலசலகூடம் கிடைப்பதுதான் பெரிய உதவி. கோமாரியில், தங்காலையில், நொச்சியாகமையில் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட தாய்மாரை நினைக்காமல் இந்த மடல் எழுத முடியாது.

கொக்கிளாய் முகத்துவாரத்தில் நாங்கள் போனபோது பாலம் இல்லை. எதிர்க்கரையில் புல்மோட்டைப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. தரையால் போவதென்றால் களப்பைச் சுற்றி உள்நாட்டுக் காட்டுப் பக்கமாகப் போகவேண்டும். மீன்பிடிப் படகிலிருந்த இரண்டு அண்ணைமார் எங்கள் சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி வலைக்கு மேல் படுக்கவைத்து, உப்புத் தண்ணீர் படாமல் படங்குச் சீலையால் மூடினார்கள். உப்புப் பட்டால் செயின் என்ன ஆகும் என்று கடல்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லைத்தானே. டீசலுக்காவது காசு எடுங்கோ என்று கெஞ்சினோம். அக்கரையில் எங்களை இறக்கிவிட்டு, கை காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் முன்பு ஆற்றுக்கு ஆறு படகுப்பாதைக்குக் காத்து நின்றுதான் போகவேண்டும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலமும் அதன்பிறகு வந்த மற்றப் பாலங்களும் அந்தத் தெருவையே மாற்றிவிட்டன. மூதூர், வெருகல், வாகரை என்று ஆனந்தமாக ஓடிக்கொண்டிருந்தோம். ஓட்டமாவடிக்குக் கிட்ட நண்பனின் பின்சில்லில் 'டிங்' என்று ஒரு சத்தம். கம்பி ஒன்று அறுந்து, றிம் நெளிந்து, பிறேக்கில் உரசத் தொடங்கிவிட்டது.

ஓட்டமாவடிச் சைக்கிள் கடைக் காக்கா (அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), உங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும். கடையைப் பூட்டப் போன நேரத்தில் போய் நின்றோம். சில்லைக் கையில் வாங்கியதும் எந்தக் கம்பி என்று பார்க்காமலே "வலப்பக்கம்தானே?" என்று கேட்டீர்கள். பின்சில்லில் பற்சில்லுகளுக்கு இடம் விடவேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் மற்றப் பக்கத்தைவிட நிமிர்ந்து, இறுக்கமாக நிற்கும். பின்னால் பாரம் ஏற்றினால் முதலில் போவது அந்தப் பக்கம்தான் என்று, வேலை செய்துகொண்டே விளங்கப்படுத்தினீர்கள். பற்சில்லுத் தொகுதியைக் கழற்றி, உங்களிடமிருந்த நீளமான கம்பியை அளவாக வெட்டி, முனையில் திருகு மறை போட்டு மாட்டினீர்கள். பிறகு ஒரு வெண்கட்டியை றிம்முக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சில்லைச் சுற்றினீர்கள். வெண்கட்டி பட்ட இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, பட்ட பக்கத்தைக் கால் சுற்றுத் தளர்த்தி, திரும்பவும் சுற்றி, துடைத்து, திரும்பவும் சுற்றி... கடைசியில் சில்லு அசையாமல் ஒரே கோட்டில் ஓடியது. அதோடு விட்டீர்களா? மற்ற நாலு சைக்கிளின் கம்பிகளையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கிவிட்டீர்கள். பாரத்தில் பாதியை முன்னுக்கு மாற்றச் சொன்னீர்கள். அந்தச் சில்லு அதற்குப் பிறகு பருத்தித்துறை வரும்வரைக்கும் ஒரு நெளிவு காட்டவில்லை.

காசை நீட்டியபோது "பிரயாணிக்கிட்ட நான் காசு எடுக்கிறல்ல" என்று சொல்லித் தேத்தண்ணியும் வரவழைத்துத் தந்தீர்கள். இத்தனை கைத்திறமையுள்ள ஒரு மனிதர் இந்தத் தீவில் எந்தச் சில்லையும் நேராக்கிவிடுவார் என்று எனக்கு முழு நம்பிக்கை.

கல்லடிப் பாலம், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில். சட்டித் தயிரும் பாணியும் தந்த கல்முனைக் கடைக்கார அம்மாவுக்கு நன்றி. இந்தக் கரையில் வழிப்போக்கருக்குச் சோறு போடுவது பழகிய காரியம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரை அடியார்கள் காலங்காலமாக இந்த வழியால்தான் போகிறார்கள். சைக்கிளில் வந்த எங்களுக்கும் அந்தப் பந்தியில் இடம் கிடைத்தது.

அவர்கள் குமண, யால காட்டுக்குள்ளால் நடப்பார்கள். நாங்கள் பொத்துவிலிலிருந்து லாகுகலை, சியம்பலாண்டுவைப் பக்கமாகச் சுற்றிப் புத்தளைக்குப் போனோம். அங்கிருந்து கதிர்காமத்துக்குப் போகிற தெருவில் யானைகள் வாகனங்களை மறித்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புத்தளையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய பட்டா லொறிக்கார அய்யா எங்களைக் கண்டதும் நிறுத்தி, தலையை ஆட்டி, பின்கதவைத் திறந்துவிட்டார். அந்தத் துண்டுத் தெருவை நாங்கள் மிதிக்கவில்லை. பாதி வழியில் ஒரு கொம்பன் தெருவோரம் நின்றதைப் பார்த்தபோது, முழுத் தீவையும் மிதித்தே முடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த நண்பனும் அந்த அய்யாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

அம்பாந்தோட்டை வெயிலில் ஒருத்தி தலைசுற்றி இருந்துவிட்டாள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு வந்தால் இப்படித்தான், வியர்வையோடு போன உப்பும் திரும்ப உடம்புக்குள் வரவேண்டும். தேசிக்காயைப் பிழிந்து உப்பும் சீனியும் போட்டுக் கரைத்துவந்து, அவள் எழும்பும்வரை பக்கத்திலேயே விசிறிக்கொண்டிருந்த அம்மே, உங்கள் மொழியில் எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். "பொஹோம ஸ்தூதியி", மிக்க நன்றி, என்று அன்று சொன்னோம், இன்றும் சொல்கிறோம்.

தெய்வேந்திரமுனை வெளிச்சவீட்டடியில் படம் எடுத்துக்கொண்டோம். வடக்கு முனையில் தொடங்கி நாட்டின் தெற்கு முனையைத் தொட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. காலி வீதி பஸ்களைப் பற்றி எழுத விருப்பமில்லை.

பெரலியவில், 2004 ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போன ரயிலின் நினைவிடத்துக்கு முன்னால் செவ்விளநீர் விற்கும் அக்காவைப் பற்றி எழுதுவேன். எங்கேயிருந்து என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் "அங்கேயும் வந்தது அல்லவா?" என்றார். எங்களில் ஒருவனின் பெரியம்மா மணற்காடு ஊரில் அன்றைய அலையோடுதான் போனவர். அதைச் சிங்களத்தில் அவனே அவருக்குச் சொன்னான். அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். நெடுநேரம் கதைத்தார்கள். எங்கள் பயணத்தில் நான் மிகவும் மதிப்பது அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான். இளநீருக்குக் காசு வாங்கினார். ஆனால் ஐந்து பேருக்கு ஏழு வெட்டினார்.

கொழும்பில் வெள்ளவத்தையில் படுக்க இடம் தந்த குடும்பத்துக்கும், நீர்கொழும்பில் முழங்கால் நோவோடு வந்த தோழியை நிறுத்தி, குதிக்காலைப் பெடலில் வைத்துக் கால் நேராகும் அளவுக்கு ஆசனத்தை உயர்த்திவிட்ட சைக்கிள் தம்பிமாருக்கும் நன்றி. நோவு இரண்டு நாளில் போய்விட்டது. அப்புறம் சிலாபம், புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, மன்னார். வங்காலைப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக நின்றன.

மன்னாரிலிருந்து பூநகரி வரும் ஏ32 வீதியில் நிழலும் இல்லை, மறைப்பும் இல்லை. வாடை எதிரில் வந்து அடித்தது. வெள்ளாங்குளம் தாண்டி ஒரு கட்டத்தில் நடப்பதும் மிதிப்பதும் ஒன்றுதான் என்றாகிவிட்டது. அப்போது பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்று முந்திப்போய், வேகத்தைக் குறைத்தது. ஓட்டிவந்த அண்ணை திரும்பிப் பார்த்து, பின்னால் வரும்படி கையைக் காட்டினார். முழங்காவில் வரை எங்களுக்குக் காற்று மறைப்பு அந்தப் பெட்டிதான். வீட்டுக்குப் போகிற அவசரத்தை விட்டுவிட்டு, எங்கள் வேகத்துக்கு, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினார். முன்பு படகில் கடந்த சங்குப்பிட்டியை 2011இல் திறந்த பாலத்தால் அன்று மாலையே கடந்தது அவரால்தான்.

வீட்டில் நித்திரையில்லாமல் இருந்த அம்மா அப்பாமாருக்கு நேரில் சொல்லிவிட்டோம்.

இனி ஒரு வேண்டுகோள். எடுத்த படங்களை எல்லாம் கழுவி வைத்திருக்கிறோம். ஓட்டமாவடிக் காக்காவுக்கும் பெரலிய அக்காவுக்கும் அனுப்பியாகிவிட்டது. கொக்கிளாய்ப் படகு அண்ணைமாரையும் அந்த உழவு இயந்திர அண்ணையையும் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். முழங்காவிலுக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம், சைக்கிளில்தான்.

என்றும் நன்றியுடன்,
ஐந்து பேர் சார்பில், பருத்தித்துறையிலிருந்து