எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பூட்டா?

யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஓ.எல். பரீட்சை நெருங்கினால் "போனை வாங்கி அலுமாரிக்குள்ள பூட்டுங்கோ" என்று பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. சில பிள்ளைகளுக்கு அது போதும். சிலருக்கு அதுவே புண்ணைக் கிளறிவிடும்.

ஆளுமையை ஐந்து பண்புகளாக அளக்கும் ஆய்வுகளில் இரண்டு விடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதகளிப்புச் சுபாவம் கூடியவர்களிடம் சமூக ஊடக அடிமைத்தனம் கூடுதல்; ஒழுங்கும் பொறுப்பும் கூடியவர்களிடம் குறைவு. இந்தத் தொடர்பு அவ்வளவு இறுக்கமானதல்ல, எது முந்தியது என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. கலகலப்பான பிள்ளைகளைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதனால், சும்மா கதைத்துத் திரிகிற பிள்ளையைக் குற்றவாளியாக்காதீர்கள்.

பதகளிக்கிற பிள்ளையைக் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் புளூ ரிக் விழுந்தும் பதில் வராவிட்டால், 'பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ' என்று ஐந்து நிமிடத்துக்குள் நாலு தரம் திறந்து பார்க்கும். போனைப் பூட்டினால் அந்தரம் பெருகும், கூட்டாளியின் போனைத் தேடும். புளூ ரிக்கையும் 'கடைசியாகப் பார்த்த நேரத்தையும்' நிறுத்திவிடுங்கள் (குழுக்களில் புளூ ரிக்கை நிறுத்த முடியாது). பார்ப்பதற்கு இரண்டு நேரம் குறித்துக் கொடுங்கள். அந்தப் பயத்தைப் பற்றி ஆறுதலாகக் கதையுங்கள்.

ஒழுங்கில்லாத பிள்ளைக்குக் கவலை எதுவும் இல்லை. ரியூசன் குறிப்பைப் பார்க்கப் போனைத் திறக்கும், விரல் ரிக்ரொக்குக்குப் போய்விடும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு வேலி தேவை. குறிப்பைக் கொப்பியில் எழுதியதும் போன் விறாந்தைக்குப் போகட்டும், சார்ஜரும் அங்கேயே இருக்கட்டும். 'அலாரத்துக்குப் போன் வேணும்' என்றால் ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள்.

யார் எந்த வகை என்று ஊகிக்க, சமூக ஊடக அடிமைத்தனத்தை அளக்கும் நோர்வேயின் பேர்கன் அளவுகோலின் ஆறு கேள்விகள் உதவும். கடந்த ஒரு வருடத்தில் எந்நேரமும் அதே நினைவா? வரவரக் கூடத் தேவைப்பட்டதா? கவலையை மறக்கத் திறந்தாயா? குறைக்க முயன்றும் முடியவில்லையா? தடுத்தால் அந்தரப்பட்டாயா? படிப்புக் கெட்டதா? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி, மொத்தம் 6 முதல் 30. மொத்தத்தை விட, எந்தக் கேள்விக்குப் புள்ளி ஏறியது என்பதே எங்களுக்கு முக்கியம். மூன்றாவதும் ஐந்தாவதும் ஏறினால் முதலில் மனப்பாரத்தைக் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள், வகுப்புக்கு முன்னால் வேண்டாம். இது நோய் நிர்ணயமும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டு அடிமைத்தனம் உண்டு, சமூக ஊடகத்துக்குத் தனிப் பெயர் இல்லை. நித்திரை, சாப்பாடு குழம்பினாலோ சாவைப் பற்றிக் கதைத்தாலோ உடனே வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926 இற்கும் அழைக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டுவேலையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். இரவு 7 மணிக்குப் பிறகு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எதையும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர்கள் சிலர்