இடது கார்னரில் நின்றவள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கையின் உடல்நிலை தேறியிருக்கும் என்று நம்புகிறேன். பல மாதங்கள் எழுதாமல் இருந்தவனை இரவோடு இரவாக எழுத வைத்தவள் என் மகள், உன் மருமகள்தான்.

நேற்று காந்தி ஸ்டேடியத்தில் கபடி இறுதியாட்டம். முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாத நிலையில் எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். களத்தில் நின்றவர்கள் மூன்றே பேர். எதிரணி பாடி வந்த முந்தைய இரண்டு ரெய்டுகளும் புள்ளியின்றிப் போயிருந்ததால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் பாடி வருபவளே அவுட். ஆறு பேருக்குக் குறைவாக நிற்கும்போது தாண்டினால் புள்ளி தரும் போனஸ் கோடும் கை கொடுக்காது என்பதால், அந்த உயரமான பெண் யாரையேனும் தொட வேண்டி ஆழமாக இறங்கினாள். நம்மவள் இடது கார்னரில் அசையாமல் நின்றாள். வந்தவள் ஒரு காலை நீட்டி நடுவில் நின்றவளைத் தொட முயன்று, உடலின் பாரம் மறுகாலுக்கு மாறிய கணத்தில், இவள் பாய்ந்து அந்தக் கணுக்காலை இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இழுபட்டாள், முழங்கை தேய்ந்தது, விடவில்லை. மற்ற இருவரும் வந்து விழுந்து அமுக்கியபோது நடுக்கோட்டுக்கும் அந்தப் பெண்ணின் விரல் நுனிக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. மூவர் மட்டும் நின்று பிடித்ததால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளிகள்! அந்த ஒரு புள்ளி முன்னிலையைக் கடைசிவரை காத்து வென்றுவிட்டார்கள்.

ஆனால், பரிசு வழங்க வந்தவர் பாடிப் போனவர்களை மட்டுமே வாயாரப் புகழ்ந்தார் என்பதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடி கோப்பையை வென்ற நம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் பிடிக்கிற ஆட்டக்காரர்தானே? பிடிப்பவர்களுக்கு ஏன் இந்தப் பாராமுகம்?

ஓமலூர்ப் பக்கத்துப் பொங்கல் ஆட்டத்தை நினைத்துப் பார். கடைசிப் பாட்டில் இருவரைத் தொட்டுத் திரும்பிய என்னைத்தான் ஊரே தோளில் தூக்கியது. நெட்டையன் இன்றும் அதைத்தான் சொல்லித் திரிகிறான். அதற்குச் சற்று முன்பு நான் அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன் என்பதும், அவர்களுடைய முரட்டு ஆளை நீ செம்மண்ணில் சாய்த்த பிறகே எனக்கு உயிர் கிடைத்து உள்ளே வந்தேன் என்பதும் யார் நினைவிலும் இல்லை. அன்று என் வாழ்வின் மிகப் பெரிய மகிழ்ச்சியை எனக்குத் தந்தவன் நீ. இதை நான் எப்போதோ உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பெங்களூரு நாற்காலியிலிருந்து எழுந்து இந்தப் பொங்கலுக்காவது சேலம் வந்து சேர். தட்டுவடை செட் என் செலவு, அந்த டவுன் பஸ் டிக்கெட் கணக்கையும் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையை நேற்றிரவு மகளிடம் சொன்னபோது, “அந்த மாமா எந்தக் காலைப் பிடித்தார்?” என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. அவள் காத்திருக்கிறாள், உடனே பதில் எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை