கோடை கழிந்தபின் வரும் தாது உப்பு எங்களுக்கு எதற்கு?

மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. எங்கள் சங்கத்தில் மாசி மாதம் தீர்ந்த, மாட்டுத் தீவனத்தில் கலக்கும் தாது உப்புக் கலவை இன்னும் வரவில்லை. செயலாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் உங்களுக்கு எழுதிய மூன்று கடிதங்களின் நகல்களையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் செவலை, மூன்றாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு. தை மாதத்தில் வேளைக்கு ஆறு லிட்டர் கறந்தது. இப்போது காலை பதினொரு மணிக்கே நாக்கை நீட்டி, எச்சில் நூலாக ஒழுக, நின்றுகொண்டே இரைக்கிறது. படுப்பதில்லை, அசை போடுவதும் குறைந்துவிட்டது. வயிற்றுப் புளிப்பை முறிக்கும், சோடா உப்பு போன்ற காரம் அந்த எச்சிலோடு மண்ணில் போகிறது. வேர்வையோடு பொட்டாசியம் போகிறது. தீவனத்தைப் பாதியில் விடுகிற மாடு அதை எங்கிருந்து ஈடு செய்யும்?

சென்ற வியாழக்கிழமை எங்கள் ரசீதில் கொழுப்பு 3.1, கொழுப்பு நீங்கலான இதரச் சத்து 7.7 சதவீதம் என்று வந்தது. விலையைக் குறைத்தார்கள், அதைப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் மாதிரி எடுக்க வந்த அலுவலர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையில், "எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று என் மனைவியைக் கேட்டார். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவள் அவள். காலிக் கேனோடு வீட்டுக்கு வந்தவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் முதல் நான்தான் பால் கொண்டு போகிறேன்.

ஐயா, அந்தப் பாலில் தண்ணீர் இல்லை, வெயில்தான் இருந்தது. கோடையில் நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும், அளவோடு சோடா உப்பும் தீவனத்தில் கலந்து கொடுக்கச் சொன்னவர்கள் உங்கள் பயிற்சி வகுப்பு மருத்துவர்களே. விடியலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் தீவனம், நாள் முழுதும் தொட்டியில் தண்ணீர், கூரைமேல் தென்னங்கீற்று என்று எங்களால் ஆனதைச் செய்துவிட்டோம். எங்களால் செய்ய முடியாததைத்தான் உங்களிடம் கேட்கிறோம்: தாது உப்பைக் கோடைக்கு முன்பே அனுப்புங்கள்.

காங்கேயம் மாடு இந்த வெயிலைத் தாங்கும். அதை விட்டுக் கலப்பினத்துக்கு மாறச் சொல்லி ஊர் ஊராக முகாம் போட்டுச் சினை ஊசி போட்டது அரசு. குளிர்ந்த கடல் தீவிலிருந்து வந்த இனத்தின் ரத்தத்தை எங்கள் கட்டுத்தறிக்குக் கொண்டுவந்தவர்களுக்கு, அது கோடையைக் கடக்க உதவும் கடமை இல்லையா? பாலை அளக்கும் கருவி ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. தாது உப்பு மட்டும் ஏன் மூன்று மாதம் தாமதம்?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். இந்த வாரத்துக்குள் எங்கள் சங்கத்துக்குத் தாது உப்புக் கலவையும் சோடா உப்பும் அனுப்பிவையுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை, தீவனத்துக்குப் பிடிப்பதுபோல் பால் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முதல் தை முடிவதற்குள் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பு இருக்கட்டும். கோடையில் இதரச் சத்து குறைந்தால், தண்ணீர் என்று சொல்லும் முன் வீட்டுக்கு வந்து மாட்டைப் பார்க்க உங்கள் அலுவலர்களுக்கு உத்தரவிடுங்கள்.

என் மனைவியிடம் அந்த அலுவலர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் உறுப்பினர் ஒருவர்