நியூரம்பெர்க் இரவு

ஆசிரியருக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தின் வேகமும் சுமக்கும் திறனும் விரிவாக வந்திருந்தன. அந்த விமானத்தில் பறந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.

1944 மார்ச் 30 இரவு பிரிட்டனிலிருந்து 795 விமானங்கள் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைத் தாக்கப் புறப்பட்டன. நல்ல நிலா வெளிச்சம். போதாக்குறைக்கு ஒவ்வொன்றின் பின்னாலும் வெள்ளைக் கோடாக நீராவித் தடம் வேறு. ஜெர்மன் போர் விமானங்களுக்குத் தேடும் வேலையே இல்லாமல் போனது. சில, குண்டுவீச்சு விமானங்களுக்கு அடியில் வந்து, மேல்நோக்கிப் பொருத்திய துப்பாக்கிகளால் சுட்டன. பெரும்பாலான லங்காஸ்டர்களில் கீழே பார்த்துச் சுட வழியே கிடையாது. அவசர வழியும் குறுகல்; பாராசூட்டோடு உள்ளே இருக்கும் ஏழு பேரும் அதில் வெளியேறுவது பெரும்பாடு. 95 விமானங்கள் திரும்பவில்லை. 545 பேர் இறந்தார்கள், பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். இத்தனைக்கும் இலக்கை மேகம் மூடியதால் பல குண்டுகள் நகருக்கு வெளியேதான் விழுந்தன.

அப்படியொரு நிலா இரவில் அவர்களை அனுப்பிய முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனுக்கு அருகே ரன்னிமீடு நினைவிடத்தில், உடல் கிடைக்காத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

– வாசகர், மதுரை