முதலில் கூண்டு, பிறகு குட்டி

அயல்நாட்டு வளர்ப்புப் பிராணிகளை விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன். கடையை மூடச் சொல்லிக் கொடி பிடிக்க வரவில்லை. ஒரு மாலை மழைக்கு ஒதுங்கிய கடையில், கால் மணி நேரத்துக்குள் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி இனத்தின் குட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். ஒரு ஜோடி செருப்பு வாங்கவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம்தான் இருந்தது. தளிர் நிறம். சுட்டுவிரலில் நகங்களை ஊன்றி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் விழுந்துவிட்டேன். "எவ்வளவு பெரிதாகும்?" என்று ஒப்புக்குக் கேட்டேன். "தொட்டியின் அளவுக்குத்தான் வளரும்" என்றார் கடைக்காரர். வாங்கிவிடுவது என்று முன்பே முடிவு செய்தவனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அது உண்மையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நன்றாக வளர்ந்த பச்சை இகுவானா ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியது. தொட்டி சிறியது என்பதற்காக எந்த உயிரும் தன் வளர்ச்சியைப் பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை. முடங்கிப்போகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் அது இலையைக் கவ்வும், இழுக்க முடியாமல் விட்டுவிடும். பசியில்லை போலும் என்று நினைத்தேன். ஊர்வன நோயை வெளியே காட்டிக்கொள்வதில்லை. காட்டில் சோர்ந்து தெரிகிற உயிரைத்தான் வேட்டை விலங்குகள் முதலில் பிடித்துத் தின்னும். ஒருநாள் அதன் கீழ்த்தாடையை விரலால் தடவினேன். எலும்பு இருக்க வேண்டிய இடம் அழிரப்பர் போல அமுங்கியது. பின்னங்கால் விரல்கள் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. முதலில் போன இரண்டு கால்நடை மருத்துவர்கள் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளைக் கோடுகளாகத் தெரிய வேண்டிய எலும்புகள் புகை மூட்டம் போல மங்கிக் கிடந்தன.

காரணத்தையும் அவர்தான் சொன்னார். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகும். அது இல்லாவிட்டால் தின்கிற இலையில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் உடலில் சேராது. இரத்தத்துக்கு வேண்டியதை உடல் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். "ஜன்னல் ஓரம்தானே வைத்திருந்தேன், நல்ல வெயில் படுமே" என்றேன். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கடையில் கொடுத்த விளக்கோ வெறும் சூடு தரும் பல்பு. புற ஊதா விளக்கு என்று தனியாக ஒன்று உண்டு. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும். ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் மாற்ற வேண்டும். நன்றாக எரிகிற விளக்கைக் கழற்றிப் போட வேண்டும் என்று யாராவது சொல்லாமல் யாருக்குத் தோன்றும்?

படிக்காமல் வாங்கியது என் தவறு. அதை உங்கள் தலையில் கட்டப் போவதில்லை. ஆனால் எனக்கு அது முதல் இகுவானா. அந்தக் கடைக்காரருக்கு நூறாவதாகக்கூட இருந்திருக்கலாம். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் கடைகளில் அழகாகத் தெரிகிற எல்லாமே குட்டிப் பருவத்தில்தான் இருக்கின்றன. சுல்கட்டா ஆமைக்குஞ்சு உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தால் நாற்பது கிலோவைத் தாண்டும்; தோட்டத்தைத் தோண்டி வளை பறிக்கும்; அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். வாங்குகிறவர் நடுவயதுக்காரராக இருந்தால் அதை யாருக்கு எழுதி வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போகும் சிறு பிராணியான சுகர் கிளைடர் இரவு முழுக்க விழித்திருக்கும். கூட்டமாக வாழும் உயிர். தனியாக அடைத்தால் தன் உடலையே கடித்துக்கொள்வதுண்டு. முள்ளெலிக்கு அறை குளிர்ந்துவிட்டால் உடல் மரத்துப்போய் உயிரே போகலாம். பச்சோந்தியின் சங்கதிதான் எனக்கு மிகக் கொடுமையாகப் படுகிறது. அசையாமல் கிடக்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்கப் போவார். பக்கத்திலேயே அது வறண்டுகொண்டிருக்கும்.

இப்போது ஆசை கடையில்கூடப் பிறப்பதில்லை, கைபேசியிலேயே பிறந்துவிடுகிறது. கிச்சுகிச்சு மூட்டியதும் இரண்டு கைகளையும் தூக்குகிற, ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு வகையின் காணொளியைப் பார்த்து உருகாதவர் குறைவு. அதன் முழங்கைப் பக்கம் சுரப்பி இருக்கிறது. அதை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் நஞ்சு. கையைத் தூக்குவது அந்த ஆயத்தம்தான் என்று உயிரியலாளர்கள் சொல்கிறார்கள். பயந்து நடுங்குவதை நாம் சிரிப்பென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்களிடம் வருகிறவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடவும் முடியவில்லை. சிவப்புக் காது ஆமையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. ஆமையின் மேல் இரக்கப்பட்டு அல்ல. குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றியதால். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது, வளர்த்தவர்கள் அலுத்துப்போய்க் குளங்களில் விட்டதால் உள்ளூர் ஆமைகளுக்கு ஆபத்து என்று. உடனே அதன் நெருங்கிய உறவினங்கள் அதே தொட்டிகளில் வந்து உட்கார்ந்தன. நெதர்லாந்து வேறு வழியில் போனது: 2024 ஜூலை முதல் முப்பது வகைப் பாலூட்டிகளை மட்டுமே வீட்டில் வளர்க்கப் புதிதாக வாங்கலாம், மற்றவை கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் என் இகுவானா பாலூட்டி இல்லையே.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் நாளில் பிராணியை விற்காதீர்கள். கூண்டை விற்றுக்கொள்ளுங்கள். விளக்கு, வெப்பமானி, ஈரப்பதமானி எல்லாவற்றையும் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பொருத்தி, ஒரு வாரம் காலியாகவே ஓட்டட்டும். இரவு வெப்பம் எவ்வளவு இறங்குகிறது, பகலில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டு வரட்டும். அந்தப் பிராணிக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்து அவர் பெயரையும் கொண்டு வரட்டும். பிறகு குட்டியைக் கொடுங்கள்.

"அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்பீர்கள். சிலர் போவார்கள்தான். மழைக்கு ஒதுங்கிய நானும் போயிருக்கலாம். ஆனால் மழை விட்டதும் நேராக வீட்டுக்குப் போயிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. கணக்காகவே பாருங்கள்: பதினைந்து வருடம் உயிரோடு இருக்கிற இகுவானாவின் உரிமையாளர் எத்தனை விளக்கு வாங்குவார்? நான் அந்தக் கடைப் பக்கம் அதற்குப் பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை.

என்னுடையது நான்கு வருடம் இருந்தது. தாடை கடைசிவரை கோணலாகவே இருந்தது. முதுகும் லேசாக வளைந்துவிட்டதால் கிளையில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்து, நின்று, மறுபடி ஏறும். அதற்காகக் கடைசியில் நான் செய்துவைத்த கூண்டு ஆறடி உயரம், நான்கடி அகலம். கிளைகளும் விளக்கு மாட்டும் கொக்கிகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன. உங்களில் யாராவது குட்டிகள் இருக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், "வளர்ந்த பிறகு இதற்கு இவ்வளவு இடம் வேண்டும்" என்று அட்டை எழுதி வைக்கத் தயாராக இருந்தால், அந்தக் கூண்டை இலவசமாகவே தந்துவிடுகிறேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவனாக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாடிக்கையாளன்